கொழுந்தில் எத்தனை எழுத்து?

(கேமரன் மலை, தானா ராத்தாவில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு கேள்வி கேட்கிறேன். கொழுந்து என்ற சொல்லில் எத்தனை எழுத்து? முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பாப்பா இரண்டாம் வகுப்பாம். விரலை மடக்கி நாலு என்கிறாள். கொ, ழு, ந், து. சரியான விடை.

இதே சொல்லைப் பைத்தான், ஜாவா போன்ற நிரல்மொழியிடம் கொடுத்து நீளம் என்ன என்று கேளுங்கள். எட்டு என்று வரும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் க ஓர் இடம், அதன் ஒகரக் குறி ஓர் இடம், ழ ஓர் இடம், அதன் உகரக் குறி ஓர் இடம், ந, புள்ளி, த, மறுபடி உகரக் குறி. ஆக எட்டு. அந்த ஒகரக் குறியையே கொம்பு தனி, கால் தனி என்று பிரித்து வைக்கவும் யூனிகோடு இடம் தருகிறது. அப்படி ஒருவர் தட்டியிருந்தால் ஒன்பது. திரையில் பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்றாகவே இருக்கும்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். தோட்டத்து ஆபீசில் சம்பளச் சீட்டு அச்சிடும் நிரல் ஒன்று, பெயருக்குப் பத்து இடம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறது என்று வையுங்கள். முனியம்மாள் என்ற பெயர் யூனிகோடில் பதினோரு இடம். பத்தில் வெட்டினால் கடைசிப் புள்ளி போய் ‘முனியம்மாள’ என்று நிற்கும். நாற்பது வருடம் கூடை சுமந்த ஒரு மனுஷியின் பெயரை அவள் கூலிச் சீட்டிலேயே பிழையாகப் போடுவது சின்ன விஷயம் இல்லை. என் பாட்டி இந்த மலையில் கொழுந்து எடுத்தவர். பெயர் தப்பாக எழுதிய சீட்டை அவர் கணக்கெழுதும் கிராணியிடம் திருப்பிக் கொடுத்து, திருத்தி வாங்காமல் நகரமாட்டார் என்று அப்பா சொல்வார்.

இன்று நான் பேச வந்தது டிசைன் பேட்டர்ன் பற்றி, அதாவது இப்படித் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களுக்கு நிரலாளர்கள் கண்ட தீர்வு வடிவங்கள் பற்றி. வேலையிடத்தில் அப்படித்தான் சொல்கிறோம். இங்கே தோரணி என்றே சொல்கிறேன். கல்லூரியில் பொருள்நோக்கு நிரலாக்கம் படிக்கும் மாணவர்களே, இரண்டாம் ஆண்டில் நீங்கள் இதைச் சந்திக்கிறீர்கள். இருபத்து மூன்று பெயர், இருபத்து மூன்று படம், கட்டங்களும் அம்புக்குறிகளும். தேர்வுக்கு மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறீர்கள். பிறகு வேலைக்குப் போனால் எதை எங்கே வைப்பது என்று தெரிவதில்லை. நானும் அப்படித்தான் படித்தேன். அதற்கு மாற்றாக ஒரு வழி இருக்கிறது: ஓட்டிப் பார்த்த, சோதனையோடு வந்த எடுத்துக்காட்டு வழியாகப் படிப்பது. அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

இட்டரேட்டர் என்றொரு தோரணி. ஒரு தொகுப்பு உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை வெளியே காட்டாமல், அதில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும் பொருள். இந்த வரையறையை நான் மூன்று முறை படித்திருப்பேன். பட்டியல் ஒன்றைச் சுற்றிவர இவ்வளவு எதற்கு என்றுதான் தோன்றியது. தமிழ் எழுத்துகளைப் பிரிக்க வேண்டிய வேலை வந்தபோது முதலில் மூன்று சோதனை எழுதினேன்.

கொழுந்து என்றால் கொ, ழு, ந், து.
முனியம்மாள் என்றால் மு, னி, ய, ம், மா, ள்.
லக்ஷ்மி என்றால் ல, க்ஷ், மி.

நிரலை எழுதி ஓட்டினேன். முதல் இரண்டும் தேறின. மூன்றாவது விழுந்தது. ல, க், ஷ், மி என்று என் நிரல் பிரித்துவிட்டது. அந்த நிமிடத்தில்தான் தோரணி எனக்குப் புரிந்தது. க்ஷ ஓர் எழுத்தா இரண்டா என்ற சிக்கல், கொம்பும் காலும் தனித்தனியாக வரும் சிக்கல், எல்லாமே ஒரே இடத்தில், அந்தச் சுற்றிவரும் பொருளுக்குள் அடங்கவேண்டும். பெயரை வெட்டுகிறவனுக்கும் வரிசைப்படுத்துகிறவனுக்கும் அது தெரிய வேண்டியதே இல்லை. அவர்கள் ‘அடுத்த எழுத்து’ என்று கேட்டால் போதும். உள்ளே திருத்தினேன். வெளியே ஒரு வரியும் மாறவில்லை. சோதனை மூன்றும் தேறிப் பச்சையாயின.

ஒன்றைக் கவனித்தீர்களா? அந்தச் சோதனைகளின் விடை எங்கிருந்து வந்தது? என் நிரலிலிருந்து வரவில்லை. இந்தப் பாப்பாவின் விரலிலிருந்து வந்தது. நிரல் சொன்ன விடையை அப்படியே வெட்டி ஒட்டிச் சோதனை என்று பெயர் வைத்தால், நிரல் தன்னைத்தானே மெச்சிக்கொள்கிறது, அவ்வளவுதான். எதிர்பார்க்கும் விடை வெளியே ஒரு மனிதரிடமிருந்து, ஒரு தாளிலிருந்து, ஒரு சட்டத்திலிருந்து வரவேண்டும்.

தமிழுக்கு இந்த வேலையை நமக்கு முன்னே செய்தவர்கள் இருக்கிறார்கள். கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கினார். முத்தையா அண்ணாமலை எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கினார். அவரும் நண்பர்களும் வளர்க்கும் ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் தொகுப்பு திறந்த மூலத்தில் கிடைக்கிறது. அதை இறக்கி, முதலில் அதன் சோதனைக் கோப்புகளைப் படியுங்கள். நிரலை அப்புறம் படிக்கலாம். தமிழ் எழுத்தைப் பற்றி ஒரு பொறியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டியது எது என்பதை அந்தக் கோப்புகளைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவைக்கவில்லை.

தோரணி என்ற எண்ணமே கணினியிலிருந்து பிறந்ததில்லை. கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்ற கட்டடக் கலைஞர் 1977-இல் தன் குழுவோடு ஒரு நூல் வெளியிட்டார். அதில் 253 தோரணிகள். ஊர் எப்படி அமையவேண்டும் என்பதில் தொடங்கி, ஜன்னலோரம் உட்கார இடம் எப்படி வேண்டும் என்பது வரை. ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பக்கத்திலிருந்து வெளிச்சம் வரவேண்டும் என்பது அவற்றில் ஒன்று. லயத்து வீட்டில், ஒரு கதவும் ஒரு ஜன்னலும் முன்பக்கமே வைத்த அறையில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். பகல் பன்னிரண்டு மணிக்கும் அடுப்படியில் விளக்குப் போட்ட வீடு எங்களுடையது. அலெக்சாண்டர் தந்தது வெறும் படம் இல்லை. எந்தச் சூழலில், என்ன சிக்கல், எதனால் இந்தத் தீர்வு என்று மூன்றையும் சேர்த்தே சொன்னார்.

கெண்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் இருவரும் 1987-இல் அதை நிரலாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடீஸ் ஆகிய நால்வரும் எழுதிய புகழ்பெற்ற நூல் 1994-இல் வந்தது. இருபத்து மூன்று தோரணிகள்: பொருளை ஆக்குவது பற்றி ஐந்து, அமைப்பைப் பற்றி ஏழு, நடத்தையைப் பற்றிப் பதினொன்று. எடுத்துக்காட்டுகள் சி பிளஸ் பிளஸ்ஸிலும் ஸ்மால்டாக்கிலும் இருந்தன. நல்ல நூல். ஆனால் ஓட்டிப் பார்க்க அதில் சோதனைகள் இல்லை. அந்தப் பழக்கம் பின்னால்தான் பரவியது.

பரவியதற்கு அந்த நால்வரில் ஒருவரே ஒரு காரணம் என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. 1997-இல் எரிக் காமாவும் கெண்ட் பெக்கும் சூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்குப் போன விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஜேயூனிட் என்ற சோதனைக் கருவியை எழுதினார்கள். தோரணி நூலை எழுதிய கைதான் சோதனைக் கருவியையும் எழுதியது. அந்தக் கருவியின் உள்ளேயே தோரணிகள்தான். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னேற்பாடு, ஓட்டம், துப்புரவு என்று மாறாத வரிசை இருக்கும். ஒவ்வொரு படிக்குள்ளும் நடக்க வேண்டியதை மட்டும் நாம் எழுதுவோம். அதற்கு டெம்ப்ளேட் மெத்தட் என்று பெயர்.

அந்த டெம்ப்ளேட் மெத்தடை இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க என்னிடம் புத்தகம் வேண்டாம். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் தொடங்கிய போ தோட்டத்தின் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்காத பிள்ளை இங்கே இருக்காது. பச்சைக் கொழுந்து வருகிறது. தொட்டியில் பரப்பிக் காற்று விட்டு வாட்டுகிறார்கள். பிறகு உருட்டுகிறார்கள். இலை கசங்கிச் சாறு வெளியே வந்ததும் காற்று பட்டு நிறம் மாறுகிறது. அதைப் புளிக்க வைப்பது என்போம். பிறகு சூட்டில் உலர்த்துகிறார்கள், அந்தச் சூட்டில் நிறமாற்றம் நின்றுவிடுகிறது. கடைசியில் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். பச்சைத் தேயிலைக்கு? தொடக்கத்திலேயே சூடு காட்டிவிடுகிறார்கள். அதனால் புளிப்பதே இல்லை. மற்றபடி உருட்டல், உலர்த்தல், சலித்தல் அப்படியே.

இதை நிரலாக எழுதும்போது முதலில் சோதனையை எழுதுங்கள். கறுப்புத் தேயிலை செய்யச் சொன்னால் வாட்டல், உருட்டல், புளிக்கவிடல், உலர்த்தல், சலித்தல் என்ற வரிசை வரவேண்டும். பச்சைத் தேயிலை செய்யச் சொன்னால் சூடுகாட்டல், உருட்டல், உலர்த்தல், சலித்தல் என்று வரவேண்டும். அதில் புளிக்கவிடல் என்ற சொல்லே வரக்கூடாது. இன்னொரு சோதனை எடை பற்றியது. பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் நீர். காய்ந்த தூளில் நூற்றுக்கு மூன்று பங்கு போல. ஆகவே நூறு கிலோ கொழுந்து போட்டால் இருபதிலிருந்து இருபத்தைந்து கிலோவுக்குள் தூள் வரவேண்டும். நாற்பது கிலோ வந்தால் நிரலில் ஏதோ தப்பு.

இந்த மூன்று சோதனையும் விழுவதை முதலில் கண்ணால் பாருங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு முறையாவது சிவப்பாக விழாத சோதனையை நான் நம்புவதில்லை. அது எதையுமே பார்க்காமல் எப்போதும் பச்சை காட்டும் சோதனையாக இருக்கலாம். விழுந்த பிறகு நிரலை எழுதுங்கள். முதலில் கறுப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று என்று இரண்டு தனித்தனி வகுப்பாக எழுதினாலும் பரவாயில்லை. சோதனைகள் தேறட்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த வரி பொது, எந்த வரி வேறு என்று கண்ணுக்கே தெரியும். பொதுவான வரிசையை மேல் வகுப்புக்கு ஏற்றுங்கள். வேறுபடும் படியைக் கீழே விடுங்கள். நீங்கள் டெம்ப்ளேட் மெத்தட் எழுதிவிட்டீர்கள். பெயர் பிறகு வந்தது, தேவை முன்னால் வந்தது.

இதே எடுத்துக்காட்டில் இன்னொரு பாடமும் இருக்கிறது. யாராவது ஊலாங் தேயிலை சேர்க்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? அதில் இலையைத் திரும்பத் திரும்பக் குலுக்கி, பாதி புளிக்கவிட்டு, இடையிலேயே சூடு காட்டி நிறுத்தி, அதற்குப் பிறகுதான் உருட்டுகிறார்கள். வரிசையே மாறிவிட்டது. இப்போது மேல் வகுப்பில் ‘இது ஊலாங்கா’ என்று கேள்விக்கு மேல் கேள்வி வைத்து ஒப்பேற்றாதீர்கள். வரிசை மாறாது என்ற நம்பிக்கையில் கட்டிய தோரணி அது. அந்த நம்பிக்கை பொய்த்தால் தோரணியை விட்டுவிட வேண்டியதுதான். படிகளை ஒரு பட்டியலாக வைத்து, ஒவ்வொரு தேயிலைக்கும் அதன் பட்டியலைக் கொடுத்துவிடலாம். பழைய சோதனைகள் இருப்பதால் இந்த மாற்றத்தை அச்சமில்லாமல் செய்யலாம். கறுப்பும் பச்சையும் கெடவில்லை என்று அவை சொல்லிவிடும்.

இனி நான் மெய்யாகவே பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன். கூலி.

மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட். 2016 ஜூலையில் 1,000 ஆயிற்று. 2019 ஜனவரியில் 1,100. 2020 பிப்ரவரியில் மாநகர், நகராண்மைப் பகுதிகளுக்கு மட்டும் 1,200 என்றும், மற்ற இடங்களுக்கு 1,100 என்றும் பிரித்தார்கள். கேமரன் மலை மாவட்ட மன்றத்தின் கீழ் வருவதால் இங்கே 1,100 தான். 2022 மே முதல் நாள் 1,500. 2025 பிப்ரவரி முதல் நாள் 1,700. கடைசி இரண்டிலும் ஐந்து பேருக்குக் குறைவான வேலையிடங்களுக்குத் தேதி தள்ளி வந்தது. கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கும் இந்தக் குறைந்தபட்சம் பொருந்தும்.

இதைக் கணக்கிடும் நிரலை 2013-இல் ஒருவர் எப்படி எழுதியிருப்பார்? கிலோவை விலையால் பெருக்கு, 900-க்குக் குறைந்தால் 900 கொடு. ஒரே வரி. அன்றைக்கு அது சரியான நிரல். அதில் தோரணி எதுவும் வேண்டியதில்லை. 2016-இல் தேதியைப் பார்க்கும் ஒரு கேள்வி சேர்ந்தது. 2019-இல் இன்னொரு கேள்வி. 2020-இல் சம்பளம் இடத்தைப் பொறுத்தது என்றாயிற்று. சபா, சரவாக், லபுவானுக்குத் தொடக்கத்தில் வேறு தொகை இருந்தது உண்மைதான். ஆனால் தீபகற்பத்துக்காக மட்டும் எழுதிய நிரலுக்கு அது தெரிய வேண்டியிருக்கவில்லை. இப்போது கேள்விக்குள் கேள்வி, அதற்குள் கேள்வி. யார் கை வைத்தாலும் எங்கேயோ ஒன்று உடையும்.

இங்கே நான் செய்யச் சொல்வது இதுதான். நிரலைத் தொடாதீர்கள். சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு சோதனைகளை எழுதுங்கள். கேமரன் மலையில் 2022 ஏப்ரல் மாதத்துக்கு 1,100. அதே இடத்தில் மே மாதத்துக்கு 1,500. 2020 மார்ச்சில் ஈப்போ மாநகரில் 1,200, தானா ராத்தாவில் 1,100. 2025 ஜனவரியில் 1,500, பிப்ரவரியில் 1,700. நான்கு பேர் வேலை செய்யும் கடை என்றால் 2025 பிப்ரவரியிலும் 1,500. பாருங்கள், எல்லாச் சோதனையும் எல்லையில் நிற்கிறது. மாற்றம் வந்த நாளுக்கு ஒரு பக்கம் ஒன்று, மறு பக்கம் ஒன்று. தப்பு எப்போதும் எல்லையில்தான் ஒளிந்திருக்கும்.

கூலிக் கணக்குக்கும் இரண்டு சோதனை. ஒரு பேச்சுக்குக் கிலோ முப்பது சென் என்று வைத்துக்கொள்வோம். 2024-இல் ஒரு மாதம் 4,000 கிலோ வெட்டியவருக்கு 1,200 ரிங்கிட் வரும். அது குறைவு, ஆகவே 1,500 தரவேண்டும். 6,000 கிலோ வெட்டியவருக்கு 1,800, அதை அப்படியே தரவேண்டும். தொகையைச் சென்னில், முழு எண்ணாக வையுங்கள். தசமப் புள்ளியில் வைத்தால் பத்துச் சென்னையும் இருபது சென்னையும் கூட்டி முப்பதோடு ஒப்பிடும்போதே கணினி இல்லை என்று சொல்லும். கூலியில் ஒரு சென் பிசகினாலும் அது ஒருவருடைய சென்.

இந்தச் சோதனைகள் நின்ற பிறகு நிரலைப் பிரிக்கலாம். ‘கூலி விதி’ என்று ஒரு சிறு பொருள். அதனிடம் மாதம், இடம், ஆள் எண்ணிக்கை மூன்றையும் கொடுத்தால் குறைந்தபட்சத் தொகையைச் சொல்லும். 2020 விதி ஒரு பொருள், 2022 விதி ஒரு பொருள், 2025 விதி ஒரு பொருள். கூலி கணக்கிடும் பகுதிக்கு எந்த விதி என்று தெரியாது. கையில் கொடுத்த விதியிடம் கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். நாளை 1,700 மாறினால் புதிய விதி ஒன்று எழுதுவீர்கள். பழைய விதிகளில் கை வைக்க வேண்டியதில்லை. பழைய மாதத்து நிலுவையைக் கணக்கிட அவை அப்படியே வேண்டும். இதற்கு ஸ்ட்ராட்டஜி என்று பெயர். பிரிக்கும்போது ஒவ்வொரு சிறு மாற்றத்துக்குப் பிறகும் சோதனைகளை ஓட்டுங்கள். சிவப்பு வந்தால் கடைசியாகச் செய்ததை மட்டும் திரும்ப எடுங்கள். இப்படி வேலை செய்தால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம்.

இதே சம்பள வேலையில்தான் எனக்கு ஓர் அடி விழுந்தது. அப்போது கோலாலம்பூரில் ஒரு சிறு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். புத்தகத்தில் சிங்கிள்டன் என்ற தோரணியைப் படித்திருந்தேன். நிரல் முழுவதற்கும் ஒரே ஒரு பொருள், யார் கேட்டாலும் அதுவே கிடைக்கும். சம்பள அமைப்புகளை அப்படி ஒரே பொருளில் வைத்தேன். இரண்டு தோட்டங்களின் கணக்கை அடுத்தடுத்து ஓட்டியபோது, முதல் தோட்டத்துக்கு அமைத்த கிலோ விலை இரண்டாவது தோட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது. மூன்று நாள் தேடினோம். அதற்கும் பல வாரம் முன்பே ஒரு துப்பு கிடைத்திருந்தது. என் சோதனைகளில் ஒன்று தனியாக ஓட்டினால் தேறும், எல்லாவற்றோடும் சேர்த்து ஓட்டினால் விழும். ஏதோ கருவிக் கோளாறு என்று அதை ஒதுக்கி வைத்தேன். அந்தச் சோதனை சொன்னது முழு உண்மை. ஒரு சோதனை மாற்றிய அமைப்பு அடுத்த சோதனைக்குள் கசிந்துகொண்டிருந்தது. நல்லவேளை, சீட்டு அச்சாகும் முன் பிடித்துவிட்டோம்.

அந்த அனுபவத்தால் ஒரு முடிவுக்கு வந்தேன், இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு தோரணி நல்லதா என்று தெரிய வேண்டுமானால், அதைச் சோதிப்பது எளிதாகிறதா கடினமாகிறதா என்று பாருங்கள். ஸ்ட்ராட்டஜி வைத்தால் சோதனைக்கு ஒரு சின்னப் பொய் விதியைக் கையில் கொடுத்துச் சுலபமாகச் சோதிக்கலாம். சிங்கிள்டன் வைத்தால் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் உலகத்தையே துடைத்து வைக்க வேண்டும். பாடநூலில் இரண்டும் சமமாக, ஆளுக்கு ஓர் அத்தியாயமாக நிற்கின்றன. சோதனை எழுதினால் அவை சமம் இல்லை என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

மொழியைப் பொறுத்தும் தோரணி மாறும் என்பதைக் கணினி அறிவியல் மாணவர்கள் நினைவில் வையுங்கள். பீட்டர் நார்விக் 1996-இல் ஓர் உரையில், அந்த இருபத்து மூன்றில் பதினாறு தோரணிகள் லிஸ்ப், டைலன் போன்ற மொழிகளில் எளிதாகிவிடுகின்றன அல்லது கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகின்றன என்று காட்டினார். பைத்தானில் கூலி விதியை ஒரு வகுப்பாகக்கூட எழுத வேண்டாம், ஒரு செயற்கூறு போதும். அப்போதும் சோதனைகள் ஒரு வரியும் மாறாது. 2022 மே மாதத்துக்கு 1,500 என்பது எந்த மொழியிலும் 1,500 தான்.

அடாப்டர் என்ற தோரணி பற்றியும் ஒரு வார்த்தை. பழைய செக்ரோலில், அதாவது தோட்டத்துக் கூலிப் பதிவேட்டில், எடை ராத்தலில் இருக்கும். சந்தையில் மீன்காரர் இன்னும் காட்டியில் சொல்கிறார். நம் நிரலுக்குக் கிலோ வேண்டும். நடுவில் ஒரு சிறு பொருள் நின்று மாற்றித் தரட்டும். அதற்கான சோதனையை அழகாக எழுதலாம்: மூன்று காட்டியும் நான்கு ராத்தலும் ஒரே எடையாக வரவேண்டும். காட்டி என்பது ஒன்றேகால் ராத்தலா, ஒன்றும் மூன்றில் ஒன்றுமா என்று தடுமாறுகிறவனை இந்த ஒரு சோதனை திருத்திவிடும். இரண்டாவதுதான் சரி.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோரணிப் பாடத்தைப் படத்திலிருந்து தொடங்காதீர்கள். மாணவரிடம் முழுச் சோதனைக் கோப்பையும், அதில் தேறும் ஒரு மோசமான நிரலையும் கொடுங்கள். புதிதாக ஒரு தேவையைச் சொல்லுங்கள். நிரலை எத்தனை இடத்தில் திருத்த வேண்டியிருந்தது என்று எண்ணிவரச் சொல்லுங்கள். ஆறு இடம் என்று வந்து நிற்கும் மாணவனுக்கு அன்றைக்கு ஸ்ட்ராட்டஜி என்ற பெயரைச் சொல்லுங்கள். அவன் மறக்கமாட்டான். பலகையில் எழுதும் எடுத்துக்காட்டையும் வகுப்புக்கு முன் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஓட்டிப் பார்க்காத எடுத்துக்காட்டில் இருக்கும் பிழையை மாணவர் பாடம் என்று நினைத்துப் படித்துக்கொள்கிறார்கள். பல வருடம் கழித்து அது ஒருவருடைய சம்பளச் சீட்டில் வந்து நிற்கிறது.

மாணவர்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். இன்று ராத்திரியே செய்யலாம். உங்கள் பெயரைத் தமிழில் எழுதுங்கள். எத்தனை எழுத்து என்று விரலால் எண்ணுங்கள். அதை ஒரு சோதனையாக எழுதி, பைத்தானிடம் நீளம் கேட்டு விழ வையுங்கள். பிறகு தேற வையுங்கள். வீட்டில் எல்லார் பெயரையும் சேருங்கள். க்ஷ வரும் பெயர், ஸ்ரீ வரும் பெயர் யாருக்காவது இருந்தால் நல்லது.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் தாத்தா பாட்டிகளிடம் ஒரு கோரிக்கை. உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய கூலிச் சீட்டு, கிராணி கையால் கணக்குப் போட்ட செக்ரோல் தாள் ஏதாவது இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அதில் இத்தனை ராத்தல், இந்த விலை, இந்தக் கூலி என்று ஒவ்வொரு வரியிலும் கேள்வியும் விடையும் சேர்ந்தே இருக்கின்றன. பெயர்களை மறைத்து, எண்களை மட்டும் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுங்கள். எந்தப் பாடநூலிலும் கிடைக்காத சோதனைகள் அவை. என்னிடம் என் பாட்டியின் சீட்டுகள் பதினொன்று இருக்கின்றன. பதினொன்றும் என் நிரலில் தேறிவிட்டன. இன்னும் வேண்டும்.